மாமியின் முகமும் மணி அன்ரியின் கத்தரிக்காயும்

மாமியின் இடது காதோரத்தைக் கெடுத்தது கத்தரிக்காய் இல்லை. நான்தான்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னைப் பற்றி எதையும் நினைத்துக்கொள்ளலாம். லண்டனில், எங்கள் மோர்டனில் இருக்கிற யாருக்காவது இது கையில் கிடைத்தால் மட்டும் ஒரு கெஞ்சல்... வாசித்துவிட்டு மறந்துவிடுங்கள். மறக்கமாட்டீர்கள், தெரியும். மோர்டனில் எவரும் எதையும் மறந்ததில்லை.

மாமி என்றால் அப்பாவின் தங்கை. பாரிஸில் பதினாறு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். பிரெஞ்சு அருவி மாதிரிக் கொட்டும். ஆங்கிலத்தில் மட்டும் "யெஸ், யெஸ், தாங்க்யூ" என்கிற மூன்று சொற்களோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். எனக்கு இருபது வயது, கம்பியூட்டர் படிப்பில் இரண்டாம் வருடம். அப்பாவும் அம்மாவும் வேறு ஊரில் இருந்ததால் மாமி வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை, பேச்சு எல்லாம். அதற்குப் பதிலாக அந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு ஆங்கிலக் கடிதத்துக்கும் நான்தான் வாய். கவுன்சில் கடிதம், வங்கிக் கடிதம், பல் டொக்டர், பாஸ்போர்ட் போர்ம்... உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவன் இருப்பான். அவனை அளவுக்கு மீறி நம்பாதீர்கள்.

மாமிக்குத் தொழில் மணப்பெண் அலங்காரம். சனி, ஞாயிறு என்றால் ஏதாவது ஒரு மண்டபத்தில் மாமி பெண்ணின் தலையில் பூவைக் குத்திக்கொண்டிருப்பார். அந்த நாட்களில் கலியாண வீடியோ டிவிடியாக வீட்டுக்கு வரும். அப்படி வந்த ஒன்றில் வீடியோக்காரர் தன் கலைத்திறமை முழுவதையும் காட்டியிருந்தார். பெண்ணின் நெற்றிச்சுட்டியை மாமி சரிசெய்கிற காட்சி, மெதுவாக, மிக மெதுவாக, ரோஜா இதழ்கள் விழ விழ. மாமியின் கன்னமும் அதே வேகத்தில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"உது ஆர், பொம்பிளைக்குப் பக்கத்தில நிக்கிற கிழவி?" என்று மாமி கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. மாமாவுக்கு அந்த அறிவு இல்லை.

"அது நீர்தான்," என்றார்.

மூன்று நாள் மாமாவுக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை. நாலாம் நாள் மாமி முடிவை அறிவித்தார். முகத்தை இழுத்துக் கட்டுகிற ஒப்பரேசன்.

"இழுக்கிறதெண்டா நானே இழுத்துவிடுறன், இஞ்ச வாரும்," என்றார் மாமா.

"கலியாண வீட்டில பொம்பிளையின்ர தாய்மார் என்ர முகத்தைப் பாத்துத்தான் பிள்ளையை என்னட்டத் தருகினம். கடைப்பலகை இடிஞ்சு விழுந்தா ஆர் கடைக்கு வருவினம்?"

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சிரிக்காதீர்கள். அந்த முகத்தில்தான் மாமியின் பிழைப்பு இருந்தது.

இங்கே இன்னொரு விசயம் சொல்லவேண்டும். மாமி சிகரெட் குடிப்பார்.

பாரிஸில் ஓர் உணவகத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவிய காலத்தில் பழகியது. புகைக்கிறவர்களை மட்டும்தான் இடையில் ஐந்து நிமிடம் வெளியே விடுவார்களாம். மற்றவர்கள் நின்றபடியே கழுவவேண்டும். மாமி ஐந்து நிமிடத்துக்காகத் தொடங்கினார். நிமிடம் போய்விட்டது, சிகரெட் தங்கிவிட்டது. மாமாவுக்குத் தெரியாது. தெரிந்தால் வீடு இரண்டாகும். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி சிகரெட் பிடிக்கிறாள் என்பது மாமாவின் கற்பனைக்கே எட்டாத சங்கதி.

நான் அந்த வீட்டுக்குப் போன முதல் கிழமை, பின்வளவில் இருக்கிற மரக்கொட்டிலுக்குள் நைசாக நுழைந்தேன். கையில் லைட்டர். உள்ளே மாமி. கையில் லைட்டர்.

"நான் மண்வெட்டி எடுக்க வந்தனான்," என்றோம் இருவரும் ஒரே நேரத்தில். அந்த வீட்டில் மண்வெட்டியே கிடையாது.

அன்றிலிருந்து நாங்கள் கூட்டாளிகள். வாங்கி வருவது என் வேலை. மோர்டனில் வாங்கமுடியாது. மூலைக்கு மூலை எங்கள் ஆட்களின் கடை. ஒரு பெட்டி கேட்டால், "ஆருக்குத் தம்பி?" என்று கேட்டுவிட்டு, நான் வீடு போய்ச்சேர முன்னம் மாமாவுக்குப் போன் அடித்துவிடுவார்கள். ஆகவே பஸ் பிடித்து ஸ்ட்ரெதம் போய், ஒரு துருக்கிக்காரரின் கடையில் வாங்குவேன். படித்த பிள்ளை இல்லையா... திட்டமிடல் தெரியும்.

அப்போது பெட்டிகளில் பெரிய கறுப்பு எழுத்தில் எச்சரிக்கை போடத் தொடங்கியிருந்தார்கள். ஒருநாள் மாமி ஒன்றை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதில என்ன போட்டிருக்கு?"

புகைத்தால் தோல் முதுமையடையும் என்று போட்டிருந்தது. நான் பார்த்தேன். மாமியையும் பார்த்தேன்.

"பிள்ளைத்தாச்சியள் பத்தக்கூடாதாம்."

"அப்ப அது எனக்கில்லை," என்று மாமி நிம்மதியாகப் பற்றவைத்தார்.

அதுதான் என் முதல் பொய். அன்று அது எனக்குப் பகிடியாக இருந்தது.

கிளினிக் நகரின் நடுவில், கம்பளம் விரித்த ஓர் இடம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று போனில் கேட்டார்கள். மாமி பதறிப்போனார். "தமிழ் ஆளோ? அந்தாளுக்கு மோர்டன் முழுக்கச் சொந்தக்காரர் இருப்பினம். நீ வா." நான் போனேன். மாமாவும் வந்தார், தன் மனைவியின் முகத்தை எவன் தொடப்போகிறான் என்று பார்க்க.

காத்திருக்கும்போது ஒரு போர்ம் தந்தார்கள். நான் நிரப்பினேன். புகைப்பீர்களா என்று ஒரு கேள்வி. மாமா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஓரளவு ஆங்கிலம் வாசிக்க வரும். நான் இல்லை என்று அடையாளம் போட்டேன். இதற்கு என்னைக் குற்றம் சொல்லாதீர்கள். இந்த இடத்தில் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

டொக்டர் உயரமான மனிதர், கைவிரல்கள் வயலின்காரனுடையவை மாதிரி. ஒரு தாளில் காதை வரைந்தார். காதைச் சுற்றி வெட்டி, தோலைத் தூக்கி, இழுத்துத் தைக்கவேண்டும். தூக்கும்போது அந்தத் தோலுக்கு இரத்தம் வருகிற பாதையில் பெரும்பகுதி அறுந்துபோகும். மிச்சமிருக்கிற மெல்லிய குழாய்களை நம்பித்தான் அது உயிர் பிழைக்கவேண்டும். சிகரெட் அந்தக் குழாய்களையும் இறுக்கிவிடும். பிறகு தோல் கறுத்துச் செத்துப்போகும், காயம் ஆறாது, தழும்பு அகலமாக நிற்கும்.

"இவர் புகைப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது," என்றார். "ஆனாலும் நான் எல்லோருக்கும் சொல்வேன். முன்னால் நாலு கிழமை, பின்னால் நாலு கிழமை, ஆக இரண்டு மாதம் ஒன்றுகூடக் கூடாது. சிலர் என்னிடம் பொய் சொல்வார்கள். தோல் என்னிடம் பொய் சொல்லாது. இதை அவருக்கு அப்படியே சொல்லுங்கள்."

மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"வெயில்ல கனக்க நிக்கக்கூடாதாம்," என்றேன்.

மாமா நெற்றியைச் சுருக்கினார். அவருக்கு ஆங்கிலம் தாளில் இருந்தால்தான் பிடிபடும். வாயில் ஓடினால் பிடிபடாது. "அந்தாள் இவ்வளவு நேரம் கதைச்சது வெயிலைப் பற்றியோ? இஞ்ச எங்கயடா வெயில்?"

"இங்கிலீசு நீளமான பாசை மாமா."

மாமா இருந்ததால்தான் அப்படிச் சொன்னேன். மாமியின் மானத்தைக் காப்பாற்றினேன். பல நாள் எனக்கு நானே இப்படித்தான் சொல்லிவந்தேன். ஆனால் அன்று பின்னேரம் கொட்டிலுக்குள் மாமா இல்லையே.

மாமி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "அந்தாள் 'ஸ்மோக்கிங்' எண்டு சொன்னது எனக்குக் கேட்டது. உண்மையா என்னவாம்? விடவேணுமெண்டா விடுறன். ஆனா ஒண்டு, நான் விட்டா நீயும் விடவேணும். இந்தக் கொட்டிலைப் பூட்டித் துறப்பை எறிஞ்சுபோடுவன்."

இதுதான் அந்த இடம். நாலு கிழமை என்று இரண்டு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். மாமி விட்டிருப்பார், பிடிவாதக்காரி. நானும் விடவேண்டி வந்திருக்கும். கொட்டில் போயிருக்கும். பின்னேரத்தில் இரண்டு கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டாரை மாமி நக்கலடிக்க நான் சிரிக்கிற அந்தப் பத்து நிமிடமும் போயிருக்கும்.

"ஒப்பரேசனுக்கு முதல்நாள் மட்டும் பத்தாட்டிச் சரியாம்," என்றேன்.

சொன்னபோது நாக்குக் கொஞ்சமாவது தடுமாறியதா என்று யோசித்துப் பார்க்கிறேன்... இல்லை. நன்றாக, தெளிவாக, படித்த பிள்ளை மாதிரிச் சொன்னேன்.

ஒப்பரேசன் முடிந்து மாமி வீட்டுக்கு வந்தபோது முகம் பூசணிக்காய். நாடியிலிருந்து உச்சிவரை பெரிய கட்டு. யாருக்கும் சொல்லக்கூடாது என்று கட்டளை. கேட்டால் பல்வலி, பல்லுக்கொதி.

மணி அன்ரி கேட்டார். மணி அன்ரி இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர். மாமி பெண்ணுக்குச் சேலை உடுத்தினால் மணி அன்ரி பூமாலை கட்டுவார், அப்படியொரு சோடி. பல்லுக்கொதி என்று கேள்விப்பட்டதும் ஒரு சட்டியைத் துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"பல்லுக்கொதியோட என்னத்தைச் சப்புறது? கத்தரிக்காயைக் குழையக் குழைய வைச்சுப் பால்குழம்பு காய்ச்சினனான். நாக்கால நசிச்சாப் போதும், இறங்கிடும். எங்க அவ?"

"படுத்திருக்கிறா அன்ரி. கதைக்க ஏலாது."

"கதைக்க ஏலாதோ? அப்ப உண்மையாத்தான் வருத்தம்," என்றார் மணி அன்ரி. சட்டியை என் கையில் வைத்துவிட்டுக் கவலையோடு போனார்.

மாமி அதைச் சோற்றில் பிசைந்து இரண்டு நாள் சாப்பிட்டார். அவ்வளவு நன்றாக இருந்தது. நானும் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் மாமா வேலைக்குப் போனதும் கொட்டிலுக்குள் போனோம். கட்டுக்குள்ளிருந்து மாமியின் கண் இரண்டும் மூக்கும் மட்டும்தான் தெரிந்தன.

"இப்ப பத்தலாமோ?" என்றார் பல்லைத் திறக்காமல்.

"ஒண்டு ரெண்டு பறவாயில்லையாம்."

உதட்டைக் குவிக்க அவரால் முடியவில்லை. நான்தான் பற்றவைத்து வாயோரத்தில் செருகினேன். புகை கட்டின் எல்லா இடுக்குகளாலும் வெளியே வந்தது. "புட்டு அவியிற மாதிரிக் கிடக்கு மாமி," என்றேன்.

"சிரிப்பூட்டாத நாயே, தையல் இழுக்குது."

இரண்டு பேரும் குலுங்கினோம். அந்தக் கிழமை முழுவதும் ஒவ்வொரு நாளும் போனோம். நானே பற்றவைத்தேன். என் கையால்.

அடுத்த கிழமை இடது காதுக்கு முன்னால் ஓர் இடம் ஊதா நிறமானது. பிறகு கறுத்தது. ஒரு புளியங்கொட்டை அளவு. அடுத்த நாள் இரண்டு புளியங்கொட்டை. மாமி கண்ணாடியில் பார்த்துவிட்டு, டொக்டருக்குப் போன் அடிக்கச் சொன்னார்.

டொக்டரிடம் போனோம். இந்தமுறை மாமாவுக்கு ஷிப்ட். நானும் மாமியும் மட்டும். ஆக, நான் ஒளிந்துகொள்ள மாமா என்கிற மறைப்பும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டொக்டர் விளக்கை இழுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நேரடியாகக் கேளுங்கள். இவர் புகைத்தாரா?"

மாமி என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

உண்மையைக் கேட்டிருந்தால் மாமி உண்மையைச் சொல்லியிருப்பார். "நீங்கதானே ஒண்டு ரெண்டு பறவாயில்லை எண்டனீங்கள்" என்று டொக்டரிடமே சண்டைக்குப் போயிருப்பார். டொக்டர் என்னைப் பார்த்திருப்பார். மாமியும் என்னைப் பார்த்திருப்பார்... இதெல்லாம் எனக்கு ஒரு விநாடியில் ஓடியது. எனக்கு மூளை வேகம்.

"சாப்பாட்டில ஏதும் மாறிச் சாப்பிட்டனீங்களோ எண்டு கேக்கிறார்."

மாமியின் கண் விரிந்தது. "ஐயோ, கத்தரிக்காய். அது கிரந்தியெல்லே. ஒப்பரேசன் காயத்தோட கத்தரிக்காய் திண்டா ஊர் முழுக்கத் தெரியும் காயம் அழுகும் எண்டு. எனக்கெங்க போனது புத்தி? மணி கொண்டுவந்தவள் பல்லுக்கொதி எண்டு... நானும் ருசியா இருக்கெண்டு ரெண்டு நாள்..."

எங்கள் ஆட்கள் கிரந்தி என்று சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கத்தரிக்காய், தக்காளி, இறால்... காயம் உள்ளவன் தொடக்கூடாத பட்டியல். மாமி ஓயாமல் சொல்லிக்கொண்டே போனார். டொக்டர் பொறுமையாகக் கேட்டார்.

"இல்லையாம்," என்றேன் ஆங்கிலத்தில்.

"ஓர் இல்லைக்கு இவ்வளவு சொற்களா?"

"தமிழ் நீளமான மொழி," என்றேன்.

அவர் நம்பவில்லை. கோப்பில் ஏதோ எழுதினார். வாசல்வரை வந்து, எனக்கு மட்டும் கேட்கிறமாதிரிச் சொன்னார். "புகைப்பது யாராக இருந்தாலும் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்." என் கோட்டில் சிகரெட் மணம் அடித்திருக்கும்.

அதைமட்டும் நான் ஓரளவு நிறைவேற்றினேன். புது மருந்துக்குச் சிகரெட் ஒத்துவராதாம் என்று மாமியிடம் சொன்னேன். மாமி அன்றே நிறுத்தினார். அவ்வளவு சுலபமாக. நானும் நிறுத்தினேன். கொட்டிலைப் பூட்டித் துறப்பை எறிந்தார். இதை முதலே சொல்லியிருந்தால் என்ன, என்று நீங்கள் கேட்கிறீர்கள். நானும் கேட்கிறேன்.

காயம் ஆற மாதக்கணக்கானது. கன்னம் இரண்டும் நன்றாகத்தான் ஏறி நின்றன, அதை ஒத்துக்கொள்ளவேண்டும். ஆனால் இடது காதுக்கு முன்னால் பளபளப்பான ஒரு தழும்பு, பெருவிரல் அகலத்தில். எத்தனையோ பெண்களுக்குக் கொண்டை கட்டிவிட்ட மாமி தன் கொண்டையைக் கைவிட்டார். முடியை இறக்கிக் காதை மூடிவிடுவார். வீடியோக்காரர்களுக்கு இப்போது ஒரு சட்டம் உண்டு: மாமிக்கு வலப்பக்கத்தில்தான் நிற்கவேண்டும்.

மணி அன்ரிக்கு மாமி, டொக்டரிடம் போய்வந்த அன்றைக்கே போன் அடித்துவிட்டார்.

"உன்ர கத்தரிக்காய்தானடி என்ர முகத்தைத் திண்டது. நான் சொல்லேல்ல, டொக்டரே கேட்டவர்."

மறுமுனையில் மணி அன்ரி, "முகமோ? பல்லெண்டெல்லோ சொன்னனீ?" என்றது எனக்கே கேட்டது. இப்படியாக, மாமி கட்டிக்காத்த ஒப்பரேசன் இரகசியத்தை மாமியே போனில் உடைத்தார். மோர்டன் முழுவதும் இரண்டு செய்தி பரவியது. ஒன்று, மாமி முகத்தை இழுத்துக் கட்டினவர். மற்றது, வெள்ளைக்கார டொக்டரே கிரந்தியை ஒத்துக்கொண்டவர். இரண்டாவதுக்குத்தான் மரியாதை கூட. என்னைக் கண்டு, "உண்மையோ தம்பி?" என்று எத்தனை பேர் கேட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு அந்தச் சோடி பிரிந்தது. மாமி பெண்ணுக்குச் சேலை உடுத்துகிற மண்டபத்தில் பூமாலை இப்போது வேறு யாரோ கட்டுகிறார்கள்.

போன வருடம் லூயிஷாம் கோயிலில் அன்னதானம். நான் வரிசையில் மணி அன்ரிக்குப் பின்னால் நின்றேன். கத்தரிக்காய்க் கறி வந்தபோது அன்ரி தட்டைக் கையால் மூடினார்.

"எனக்கு வேண்டாம் அப்பன். சாமிக்கு நேத்தி வைச்சு விட்டிட்டன். செத்தாலும் இனித் தொடமாட்டன்." பிறகு என்னைக் கண்டார். முகம் மலர்ந்தது. அதுதான் தாங்கமுடியவில்லை. ஓர் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, நீதானே பக்கத்தில இருந்தனீ. டொக்டர் மெய்யாத்தான் அப்பிடிக் கேட்டவரோ? நான் ஒரு கெட்ட நினைப்பிலயும் கொண்டுவரேல்ல. ஒப்பரேசன் எண்டு தெரிஞ்சிருந்தாப் பத்தியக்கறி எல்லோ வைச்சிருப்பன்..."

கோயில் வளவு. சாமி பார்க்கக்கூடிய தூரம். என் தட்டில் கத்தரிக்காய்.

"ஓம் அன்ரி," என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உனக்கு அந்தப் பாசை தெரிஞ்சது பெரிய காரியமடா. இல்லாட்டி எங்களுக்கு இதெல்லாம் ஆர் சொல்லுவினம்? எனக்கும் வாற புதன்கிழமை முழங்கால் டொக்டர். நீ வாறியே? நீ வந்தாத்தான் எனக்கு நம்பிக்கை."

போனேன். வேறென்ன செய்ய? அந்தப் புதன்கிழமை டொக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அப்படியே தமிழில் சொன்னேன். எலும்பு தேய்ந்தது, ஊசியால் வரக்கூடிய ஆபத்து, ஒப்பரேசன் செய்தால் வரக்கூடியது, செய்யாவிட்டால் வரக்கூடியது, மழை வரும்போல இருக்கிறது என்று அவர் யன்னலைப் பார்த்துச் சொன்னதைக்கூட விடவில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை.

மணி அன்ரி வெளிறிப்போனார். மெதுவாக என் கையைப் பிடித்தார்.

"எல்லாத்தையும் சொன்னாப் பயமாக்கிடக்குத் தம்பி. மாமிக்குச் சொன்னமாதிரி எனக்கும் சுருக்கிச் சொல்லன்."